ஆணியின் எடையும் கடையின் கணக்கும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் தெருவின் தோற்றமே மாறிவிடும். முதல்நாள் வரை புத்தகமும் கையுமாகத் திரிந்த பிள்ளைகள் தெருமுனையில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களோ கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்கள். அந்த நாட்களில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பெற்றோர் யாரேனும் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்பார்: "உஸ்தாத், பள்ளிக்கூடம் திறக்க நாள் கிடக்கிறது. பையன் சும்மா இருந்தால் கெட்டுப்போவான். ஏதாவது ஒரு கடையில் சேர்த்துவிடலாமா?"

ஆண்டுதோறும் ஆள் மாறுவார், கேள்வி மாறாது.

"தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். உழைப்பு எந்தப் பிள்ளையையும் கெடுக்காது" என்பதுதான் முன்பெல்லாம் நான் சொல்லிவந்த பதில். இப்போது அப்படி உடனே சொல்லிவிடுவதில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் செய்த பரிந்துரை

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது அது. மாலைநேர மத்ரஸாவில் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், பகலில் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துவந்தான். கணக்கில் கெட்டிக்காரன். வீட்டிலோ வறுமை. கோடை விடுமுறையில் அவனை ஏதேனும் வேலையில் அமர்த்தும்படி அவனுடைய தந்தை என்னைக் கேட்டுக்கொண்டார். எனக்கு நன்கு பழக்கமான ஓர் இரும்புக்கடை உரிமையாளரிடம் நானே அவனை அழைத்துச் சென்றேன். "நம்பிக்கையான பையன், தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்லி விட்டுவந்தேன். ஒரு நற்செயலைச் செய்துவிட்ட நிறைவு என் மனத்தில் இருந்தது.

ஏப்ரலில் போனவன் ஜூனில் பள்ளிக்குத் திரும்பவில்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். ஆனால் வாரந்தோறும் வந்த கூலியை நம்பி அந்த வீட்டின் அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. மேல்நிலை வகுப்பில் சேர்வதற்கான விண்ணப்பம் எழுதப்படாமலே போயிற்று. "இந்த ஒரு வருடம் மட்டும்" என்றார் தந்தை. ஒரு வருடம் பல வருடங்களாயிற்று.

அண்மையில் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்க அக்கடைக்குச் சென்றேன். முப்பது வயதை எட்டிவிட்ட அவன், அதே தராசின் முன் நின்றுகொண்டிருந்தான். கடையில் கூட்டமில்லை. நலம் விசாரித்துவிட்டு, "இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே, நீ தனியாக ஒரு கடை வைக்கலாமே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "உஸ்தாத், ஆணியைக் கையில் அள்ளினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அது எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, எத்தனை நாள் கடனுக்கு வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கல்லாப் பக்கம் என்னை யாரும் கூப்பிட்டதில்லை" என்றான்.

குறை கூறும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. இருந்தும் எனக்குத் தலை நிமிரவில்லை. கடைக்காரரும் கெட்டவரல்லர். பெருநாளுக்குப் புத்தாடை, வீட்டில் நோய் என்றால் முன்பணம் என்று எதிலும் குறைவைக்காதவர். அவருக்கு ஒரு வேலையாள் தேவைப்பட்டான், கிடைத்தான். நான்தான் ஒரு மாணவனை அனுப்புவதாக எண்ணிக்கொண்டு, அவன் மாணவனாகவே இருப்பதற்கான ஏற்பாடு எதையும் செய்யாமல் திரும்பிவிட்டேன்.

கூலிக்கு உழைப்பதும் கற்பதற்காக உழைப்பதும்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களைச் சில நாட்கள் உண்மையான பணியிடத்திற்கு அனுப்பி, அங்கு நடைபெறும் வேலையின் வழியாகவே அவர்களுக்குக் கற்பிக்கும் முறையைப் ‘பணிவழிக் கல்வி’ எனலாம். ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் இன்று நகரத்துப் பள்ளிகள் பெருமையுடன் பேசுவதும் இதைத்தான். பெயர் புதிதாக இருக்கலாம். நம் இல்லங்களுக்கு இது அறவே புதிதன்று. மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை.

ஆயினும் பணியிடத்தில் ஒரு பிள்ளை நிற்பதாலேயே அது கல்வியாகிவிடாது. கூலி வேலையில், அந்தப் பிள்ளையால் கடைக்கு என்ன பயன் என்பதே கேள்வி. பணிவழிக் கல்வியில், அந்தக் கடையால் பிள்ளைக்கு என்ன பயன் என்பதே கேள்வி. முன்னதில், எந்த வேலையில் கை நன்றாகப் பழகியிருக்கிறதோ அதிலேயே பிள்ளையை நிறுத்தி வைப்பார்கள். அதுதான் முதலாளிக்கு லாபம். பின்னதில், ஒன்றைக் கற்றுக்கொண்டதும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். அதுதான் பிள்ளைக்கு லாபம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நான் ஏமாந்த இடம் அதுதான்.

டாக்டர் ஜாகிர் ஹுஸைன் அவர்களின் எச்சரிக்கை

இந்த வேறுபாட்டை நம் நாட்டில் ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக எடுத்துரைத்தவர், பிற்காலத்தில் 1967 முதல் 1969 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுஸைன் அவர்கள்.

1920ஆம் ஆண்டில் அலிகரில் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் ஜெர்மனி சென்று, 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அவரைப் பெரிதும் கவர்ந்தவை ஜார்ஜ் கெர்ஷன்ஸ்டைனர் என்ற கல்வியாளரின் கருத்துகள். மியூனிக் நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக 1895இல் பொறுப்பேற்ற கெர்ஷன்ஸ்டைனர், பள்ளிகளுக்குள் பட்டறைகளைக் கொண்டுவந்தவர்; வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞர்களுக்கான தொடர்கல்விப் பள்ளிகளை அவரவர் தொழிலை ஒட்டித் திருத்தி அமைத்தவர்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று புகழ்பெற்றது. மாணவர்களை ஒரு சிறு பறவைக்கு மரக்கூடு செய்யச் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் வரைபடம் போடவேண்டும், பலகையை அளக்கவேண்டும், வெட்டவேண்டும், பொருத்தவேண்டும். இறுதியில், தாம் செய்ததைத் தாமே சோதித்துப் பார்க்கவேண்டும். அளவு தவறியிருந்தால் பலகைகள் பொருந்தா. ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கத் தேவையில்லை. மரமே தவறைச் சொல்லிவிடும். தன் வேலையைத் தானே நேர்மையாக மதிப்பிடும் பழக்கந்தான் கெர்ஷன்ஸ்டைனர் அதில் கண்ட கல்வி.

தாயகம் திரும்பி ஜாமிஆவின் துணைவேந்தராகப் பணியாற்றிவந்த டாக்டர் ஜாகிர் ஹுஸைன் அவர்கள், 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில் கலந்துகொண்டார். 7 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்ட இலவசக் கட்டாயக் கல்வி வழங்குவதே அங்கு உருவான திட்டம். ‘ஆதாரக் கல்வி’ என்று அது வழங்கப்பட்டது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

அப்படிப்பட்டவர், அந்த மாநாட்டிலேயே ஓர் அச்சத்தையும் வெளிப்படுத்தினார். பிள்ளைகள் செய்யும் பொருள்களை விற்றே பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற கருத்து அங்கு முன்வைக்கப்பட்டது. இதை அளவுக்கு மீறி வலியுறுத்தினால், ஏழைச் சிறுவர்களின் உழைப்பை ஆசிரியர்களே சுரண்டத் தொடங்கிவிடுவார்கள் என்றும், அப்போது ஏட்டுக்கல்வியைவிடத் தக்ளியே கேடாக முடியும் என்றும் அவர் எச்சரித்தார். கைத்தொழில் வழிக் கல்வியில் முழு நம்பிக்கை கொண்டவர் அவர். அதனாலேயே அது எந்த இடத்தில் கெட்டுப்போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரும்புக்கடையில் நான் மறந்தது அந்த எச்சரிக்கையைத்தான்.

தந்தையின் தொழில் மட்டுமே போதுமா?

இரண்டாவது பாடத்தை நமக்குக் கற்பித்தது நம் மாநிலத்தின் வரலாறு. 1953ஆம் ஆண்டில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்பது திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசு கூறிய நியாயம்.

மக்களோ அதை வேறு விதமாகக் கண்டார்கள். சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கவும், செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டால், அவர்கள் வேறெதையும் கற்பது எப்போது என்று கேட்டார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாகப் போராடினர். காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

உழைப்பை இழிவாக எண்ணியா மக்கள் அதை எதிர்த்தார்கள்? இல்லை. அத்திட்டம் பிள்ளைக்குக் காட்டிய வாசல் ஒன்றே ஒன்று. அதுவும் அவன் ஏற்கனவே நின்றுகொண்டிருந்த வாசல். பணிவழிக் கல்வி என்பது பிள்ளை அறியாத இன்னொரு வாசலைத் திறந்து காட்டவேண்டும்.

இதை நாம் நம் இல்லங்களோடு பொருத்திப் பார்க்கவேண்டும். கடை வைத்திருப்பவரின் மகன் விடுமுறையில் அத்தாவின் கடைக்கே போகிறான். கல்லாவில் உட்காருகிறான், வியாபாரத்தின் நெளிவுசுளிவுகள் படிகின்றன. நல்லதுதான். ஆனால் ஒரு மருந்துக்கடை, ஓர் அச்சகம், ஒரு லேத் பட்டறை, ஒரு பத்திரிகை அலுவலகம், ஒரு கால்நடை மருத்துவமனை எப்படி இயங்குகின்றன என்பதை அவன் அறிவதேயில்லை. கூலிக்குச் செல்பவரின் மகனுக்கோ தந்தையின் கூலியிடமே காத்திருக்கிறது. இருவரும் தத்தம் தந்தையின் வாசலைத் தாண்டவில்லை. வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விண்ணப்பம் எழுதும்போது, ‘தொழில்’ என்ற கட்டத்தின் எதிரே எழுத ஒன்றுமின்றி ‘உதவியாளர்’ என்று எழுதும் நம் இளைஞர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; அவர்களுக்காக அந்த விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தவனும் நானே.

பிற நாடுகளில்

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில், கோபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் தாக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டாண்டுகள் கழித்து, 1997இல், அதே கோபேயில் பள்ளிச் சிறுவன் ஒருவன் செய்த கொலைகள் நாட்டையே உலுக்கின. பிள்ளைகளின் உள்ளத்தை ஊரோடு மீண்டும் இணைப்பது எப்படி என்று சிந்தித்த அம்மாநிலம், 1998இல் ‘டிரை யாரு வாரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ‘முயன்று பார், செய்து பார்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நம் எட்டாம் வகுப்புக்கு இணையான வகுப்பில் பயிலும் பிள்ளைகள், ஐந்து நாட்கள் பள்ளிக்குச் செல்லாமல் ஊரிலுள்ள கடைகள், வயல்கள், மழலையர் பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள் போன்ற இடங்களுக்குச் செல்கிறார்கள். அங்கே ஊராரே ஆசிரியர்கள்.

ஜெர்மனியில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புக்குள் பள்ளி மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஒரு பணியிடத்தில் கழிப்பது பரவலான வழக்கம். பள்ளியை முடித்தபின் ஒரு தொழிலை முறையாகக் கற்க விரும்புவோர், வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் நிறுவனத்திலும், எஞ்சிய நாட்கள் தொழிற்பள்ளியிலுமாகப் பயில்கின்றனர். இதற்கென 1969இலேயே அந்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. பயிற்சியாளனுக்கு எதைக் கற்பிக்கவேண்டும் என்பதை முதலாளி தம் விருப்பம்போல் தீர்மானிக்க இயலாது. தொழில்தோறும் பாடத்திட்டம் உண்டு. இறுதியில் தேர்வும் உண்டு. தராசின் முன் ஒருவனை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு அதைப் பயிற்சி என்று அங்கு சொல்லிவிட முடியாது.

நம் நாட்டின் நிலையும் சட்டமும்

நம் நாட்டிலும் சிந்தனைக்குக் குறைவில்லை. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, பணி அனுபவம் எல்லா நிலைக் கல்வியிலும் இன்றியமையாத பகுதியாகவேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. ஆனால், "மதிப்பெண் குறைந்தவர்கள் சேரும் பிரிவு அது" என்று நாமே முத்திரை குத்திவிட்டோம். 19 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் (2012-2017) மதிப்பிட்டது. ஜெர்மனியில் இது 75 விழுக்காடு. தென்கொரியாவில் 96 விழுக்காடு.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் புத்தகப் பையின்றிப் பத்து நாட்கள் தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் போன்றோரிடம் பயிற்சி பெறலாம் என்றது. 12ஆம் வகுப்பு வரை, விடுமுறைக் காலங்களிலும் இத்தகைய வாய்ப்பு தரலாம் என்றும் கூறியது. அக்கொள்கையை ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025இல் தனக்கெனத் தனிக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எட்டாம் வகுப்புக்குள்ளேயே தொழிலைப் புகுத்துவது பழைய குலக்கல்விக்கு வழிதிறந்துவிடுமோ என்ற அச்சம் இங்கு எழுந்ததில் வியப்பில்லை. 1953ஐ அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். நான் இங்கு பேசுவது அதைவிட மூத்த பிள்ளைகளைப் பற்றி. பத்தாம் வகுப்பை ஒட்டிய பருவத்தினரைப் பற்றி.

சட்டத்தையும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் இயற்றப்பட்டு 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறைவடையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரத்திற்குப் பின்னரோ விடுமுறையிலோ, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்பது அதற்கான முக்கிய விலக்கு. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. சுரங்கமும் வெடிபொருளும் மட்டுமல்ல. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் நமக்குப் பழக்கமான தோல் பதனிடுதலும் அபாயத் தொழிலே. பிற இடங்களிலும், தொடர்ந்து மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும். ஓய்வையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை கூடாது என்பன சட்டம் வகுத்த எல்லைகள். காலை ஒன்பதுக்குக் கடை திறந்து இரவு பத்துக்குப் பூட்டும்வரை பையன் நின்றால், அதை எப்பெயரிட்டு அழைத்தாலும் அது பயிற்சியாகாது.

நாம் செய்யக்கூடியது

அன்பிற்குரிய பெற்றோர்களே! அரசோ பள்ளியோ ஏற்பாடு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நம் மஹல்லாவிலேயே கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் கணக்காளர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். விடுமுறையில் பத்து நாட்களை ஒதுக்கினால் போதும். அந்தப் பத்து நாட்கள் பயனுள்ளவையாக அமையச் சில நிபந்தனைகளை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.

ஒன்று: இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். முடிந்தவரை அது தந்தையின் தொழிலாக இல்லாதிருக்கட்டும். ஜவுளிக்காரரின் மகன் அச்சகத்துக்கும், அச்சகத்தாரின் மகன் ஜவுளிக்கடைக்கும் போகலாமே!

இரண்டு: தொடங்கும் நாளைப் போலவே முடியும் நாளையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முடிவு நாள் குறிக்கப்படாத பயிற்சி, வேலையாக மாறிவிடும். அதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்று: அங்கே பொறுப்பேற்றுக் கற்பிக்கும் ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். "கடையில் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால், எவரும் பார்க்கமாட்டார்கள் என்று பொருள்.

நான்கு: சரக்கு வருவது முதல் கணக்கு முடிப்பது வரை எல்லாப் பகுதிகளையும் பிள்ளை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். கொள்முதல் ரசீதும் வரிக் கணக்கும் கடன் தவணையும் அவன் கண்ணில் படவேண்டும். இதற்குச் சம்மதிக்காத இடத்தை நாகரிகமாக மறுத்துவிடுங்கள்.

ஐந்து: அன்றாடம் இரவில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இன்று எதைக் கண்டேன், எதில் தவறினேன், பள்ளியில் படித்த எந்தப் பாடம் உதவியது என்ற மூன்று கேள்விகள் போதும். கெர்ஷன்ஸ்டைனர் விரும்பிய சுயசோதனை அந்த ஒரு பக்கத்திலேயே நடந்துவிடும்.

மூன்றாவது கேள்வியின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பதினொன்றாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் எங்கள் ஊர் லேத் பட்டறைக்குச் சென்றான். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்பது அவன் செய்முறைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற செய்தி. பட்டறையில் ஓர் இரும்புத் தண்டை அளக்கச் சொன்னார்கள். கருவியின் சுழித் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். அவன் சொன்ன அளவை நம்பிக் கடைந்த தண்டு துளைக்குள் ஆடியது; ஒரு துண்டு இரும்பு வீணாயிற்று. மேஸ்திரி திட்டவில்லை, வீணான தண்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றிரவு நாட்குறிப்பில் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: பரீட்சையில் இதற்கு அரை மதிப்பெண்தான் குறைந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை அவன் இனி மறக்கமாட்டான் என்றே நம்புகிறேன்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடலாகாது

இதுவரை ‘பையன்’ என்றே பேசிவிட்டேன். நம்மிடம் கேள்வி கேட்பவர்களும் பையன்களைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் பெண் பிள்ளைகள். அந்தப் படிப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அவர்களுக்கே மிகக் குறைவு.

பாதுகாப்பும் கண்ணியமும் வேண்டும் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கு விடை, பிள்ளையை வீட்டோடு நிறுத்திவிடுவதன்று. இடத்தை ஆராய்ந்து தேர்வதுதான். பெண் மருத்துவரின் சிகிச்சையகம், ஆசிரியைகள் நடத்தும் மழலையர் பள்ளி, பெண்கள் நடத்தும் தையலகம், பெண் கணக்காளரின் அலுவலகம், மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஆகியவை இன்று சிறு ஊர்களிலும் உள்ளன. இரண்டு பிள்ளைகளாகச் சேர்த்து அனுப்பலாம். தாய் ஒருமுறை நேரில் சென்று பார்த்து வரலாம்.

உறவினர் பெண் ஒருத்தி பத்து நாட்கள் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். மருந்தை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியது. ஆகவே இவள் செய்தது பார்ப்பதும் கேட்பதும் இருப்பைச் சரிபார்ப்பதும் மட்டுமே. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் வைக்கவேண்டும், உறைய விடலாகாது என்று அங்கே அறிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் கிடந்த தன் பாட்டியின் மருந்தைக் கண்டுபிடித்து, மருந்தாளுநரிடம் கேட்டு, அதை அப்புறப்படுத்திப் புதிதாக வாங்க வைத்ததுதான். இப்போது மருந்தியல் படிக்கவேண்டும் என்கிறாள். முடிவு எதுவாயினும் அது கண்டறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

கூலி இன்றியமையாத வீடுகள்

"பத்து நாள் கற்றுக்கொள்ள அனுப்பலாம், இரண்டு மாதக் கூலி இல்லாமல் எங்கள் வீடு எப்படி ஓடும்?" என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் விடை வேண்டும். இரும்புக்கடைக்குப் போன மாணவனின் தந்தை கேட்டதும் அதுதான். அவருக்கு அறிவுரை தேவைப்படவில்லை. ஜூன் மாதத்துக்கான பணம் தேவைப்பட்டது.

இங்கேதான் ஜமாஅத்தின் பொறுப்பு தொடங்குகிறது. பள்ளி திறக்கும் வாரத்தில், பத்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று பைத்துல்மால் நிர்வாகிகளின் கையில் இருக்கவேண்டும். யார் மேல்நிலையில் சேர்ந்தார், யார் சேரவில்லை என்று வீடு வீடாகக் கேட்கவேண்டும். கட்டணமும் சீருடையும் மட்டுமன்றி, அந்தப் பிள்ளையின் கூலியால் வீட்டுக்கு ஏற்படும் வரவிழப்பையும் கணக்கிட்டு உதவவேண்டும். பெரிய தொகையன்று. ஒரு திருமண விருந்தில் ஒரு வகைக் கறியைக் குறைத்தால் எத்தனை பிள்ளைகளின் ஜூன் மாதம் காப்பாற்றப்படும் என்று நம் செல்வர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

முடிவாக

சென்ற ஆண்டு ஏப்ரலில் இரும்புக்கடை இளைஞன் என்னைத் தேடி மத்ரஸாவுக்கே வந்தான். அவனுடைய அக்காள் மகன் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தான். "உஸ்தாத், இவனுக்குப் பத்து நாள் ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். சம்பளம் வேண்டாம். ஆனால் கல்லாப் பக்கத்தில் உட்கார வைக்கும் இடமாக இருக்கட்டும்" என்றான்.

ஓர் அச்சகத்தில் இடம் பார்த்தோம். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். காகிதக் கொள்முதல் முதல் ரசீது போடுவது வரை அச்சக உரிமையாளர் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். பதினோராம் நாள் பையன் அங்கே போகவில்லை. பள்ளி திறந்த அன்று காலை, சீருடையில் அவனைத் தாய்மாமனே மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை மத்ரஸா வாசலில் நின்று பார்த்தேன். அன்று இரும்புக்கடை சற்றுத் தாமதமாகவே திறந்திருக்கும்.